கெட்டானா, கேட்டானா? ஃபைல் தேடும் நட்சத்திரக் குறியும் ஏலாக்குறிச்சி வீரமாமுனிவரும்

ஆபீஸ் லேப்டாப்பில் அவசரமாக ஒரு ஃபைல் தேடுகிறீர்கள். கோயில் திருவிழாக் கணக்கு. பெயர் வைக்கும்போது ‘கோவில்’ என்று அடித்தோமா, ‘கோயில்’ என்று அடித்தோமா? ஞாபகம் இல்லை. ஓர் எழுத்து மாறினாலும் கம்ப்யூட்டர் இல்லை என்று கைவிரித்துவிடும்.

இந்த இடத்தில் கைகொடுப்பதுதான் ‘வைல்டுகார்டு’. ரம்மி ஆடுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். எந்தச் சீட்டு குறைகிறதோ அதன் இடத்தில் ஜோக்கரைச் செருகிக்கொள்கிறோம் இல்லையா? அதேதான். எந்த எழுத்து தெரியவில்லையோ அந்த இடத்தில் ஒரு குறியைப் போட்டுவிடலாம். கேள்விக்குறி (?) போட்டால், அங்கே ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது என்று அர்த்தம். நட்சத்திரக் குறி (*) போட்டால், அங்கே எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். ‘ரிப்போர்ட்_202?’ என்று தேடினால் 2020 முதல் 2029 வரையிலான ரிப்போர்ட்டுகள் வந்து நிற்கும். ‘ரிப்போர்ட்*’ என்று தேடினால் அந்தப் பெயரில் தொடங்கும் எல்லாமே வரும்.

1970-களின் யூனிக்ஸ் காலத்திலிருந்தே இந்தக் குறிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால், தெரியாத எழுத்தை என்ன செய்வது என்ற கேள்வி கம்ப்யூட்டரைவிட ரொம்பப் பழையது. அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடக் கரையோர ஊரான ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த ஒருவர், 300 வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அதுவும் இரண்டு பக்கத்திலிருந்து. அவர்தான் வீரமாமுனிவர்.

யார் இந்த வீரமாமுனிவர்?

சென்னை மெரினாவில் வாக்கிங் போகிறவர்கள் அவரது சிலையைப் பார்த்திருப்பார்கள். 1968-ல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட சிலைகளில் அதுவும் ஒன்று. பள்ளிப் பாடத்தில் தேம்பாவணி, பரமார்த்த குரு கதை என்று படித்த பெயரும் அதுதான்.

இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8-ம் தேதி, இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திக்லியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-ல் லிஸ்பனில் கப்பல் ஏறி கோவா வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 30-ஐ ஒட்டி. மதம் பரப்ப வந்தவர்தான், அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால், வந்த வேலையைச் செய்ய மொழி தெரியணுமே!

காவி உடுத்தி, இங்கிருக்கும் துறவிகள் போலவே வாழ்ந்தபடி, 30 வயதுக்கு மேல் தமிழைப் படிக்க ஆரம்பித்தார். சுப்ரதீபக் கவிராயர் என்பவரிடம் பாடம் கேட்டார் என்று சொல்வார்கள். கான்ஸ்டன்டைன் என்ற பெயரின் பொருளுக்கு ஏற்ப முதலில் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டவர், பிறகு வீரமாமுனிவர் ஆனார்.

காமநாயக்கன்பட்டி உள்ளிட்ட ஊர்களில் வேலை பார்த்தவர், பல வருஷங்கள் தங்கியது ஏலாக்குறிச்சியில். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று அவர் வைத்த பெயரும், அங்குள்ள அடைக்கல மாதா கோயிலும் இன்றும் அவரை ஞாபகப்படுத்துகின்றன. அவரது முக்கியமான நூல்கள் பலவும் இந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தவை. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி 1726-ல் முடிந்தது. 1730-ல் தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூல். 1732-ல் சதுரகராதி. இதில் கடைசி இரண்டும்தான் நம் கதைக்குத் தேவை.

ஓலையில் இருந்த கஷ்டம்

அன்றைக்குத் தமிழ் எழுதப்பட்டது பனை ஓலையில், எழுத்தாணியால். இன்று நமக்குத் தெரிகிற எழுத்து அப்படியே அங்கே இருக்காது. முதல் பிரச்சினை, புள்ளி. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், எழுதும் வேகமும் குறையும். அதனால் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ‘க்’ என்றாலும் ‘க’ என்றாலும் ஓலையில் ஒன்றுதான்.

இரண்டாவது பிரச்சினை, கொம்பு. இன்று குறிலுக்கு ஒரு கொம்பு (கெ), நெடிலுக்குச் சுழித்த கொம்பு (கே) என்று எழுதுகிறோம். அன்று இரண்டுக்கும் ஒரே கொம்புதான். குறில் என்று காட்ட மேலே புள்ளி வைக்கணும் என்பது இலக்கண விதி. புள்ளியே வைக்காத ஓலையில் அந்த விதி இருந்து என்ன பிரயோஜனம்? மூன்றாவதாக, துணைக்காலும் ‘ர’ எழுத்தும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

விளைவு என்ன? ‘கெட்டான்’, ‘கேட்டான்’ என்ற இரண்டு சொற்களும் ஓலையில் ஒரே மாதிரி இருக்கும். ஒருவன் கெட்டுப்போனானா, இல்லை கேள்வி கேட்டானா என்பதை முன்னும் பின்னும் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். கொடியா கோடியா, எதுவா ஏதுவா எல்லாமே இதே கதைதான். ஊர் வழக்கு தெரிந்த புலவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. மனசுக்குள்ளேயே சரியான எழுத்தை நிரப்பிக்கொள்வார். புதிதாக மொழி படிக்கிறவருக்கு? ஒவ்வொரு கொம்பும் ஒரு கேள்விக்குறிதான்.

இன்றைய பாஷையில் சொன்னால், அந்தக் கொம்பு ஒரு வைல்டுகார்டு. ஒரே குறி, இரண்டு எழுத்துக்கும் நிற்கும். என்ன வித்தியாசம் என்றால், தேடுகிறவர் தெரிந்தே போடுவது வைல்டுகார்டு. இங்கே எழுதினவருக்கு ‘கே’ என்று நன்றாகத் தெரியும். ஆனால், அவருக்குத் தெரிந்தது படிக்கிறவருக்குப் போய்ச் சேரவில்லை.

சுழித்த கொம்பு வந்த கதை

30 வயதுக்கு மேல் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்ட வீரமாமுனிவருக்கு இந்தக் கஷ்டம் நேரடியாகத் தெரிந்திருக்கும். அவர் சொன்ன தீர்வு ரொம்ப எளிமையானது. குறிலுக்குச் சாதாரணக் கொம்பு, நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பு. ‘கெ’ வேறு, ‘கே’ வேறு. அதே முறையில் ‘கொ’ வேறு, ‘கோ’ வேறு. புள்ளியை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஓலை கிழியும் பயமும் இல்லை. எழுத்தாணியை எடுக்காமலே ஒரு சுழி கூடப் போட்டால் போதும்.

இது ஒரே நாளில் ஊரெல்லாம் பரவிவிடவில்லை. பழைய பழக்கத்தில் எழுதினவர்கள் அப்படியே எழுதினார்கள். அச்சு பரவப் பரவத்தான் சுழித்த கொம்பு நிலைத்தது. இன்று மொபைலில் ‘கே’ என்று டைப் செய்யும்போது நாம் போடுவது அந்தச் சுழியைத்தான். யூனிகோடிலும் ஒற்றைக் கொம்புக்கு ஓர் எண், சுழித்த கொம்புக்கு இன்னோர் எண். அதனால்தான் ‘கேட்டான்’ என்று தேடினால் ‘கெட்டான்’ குறுக்கே வருவதில்லை.

அகராதி என்றால் தேடுவதற்கு

எழுத்துக் குழப்பம் ஒருபக்கம். சொல்லைக் கண்டுபிடிப்பது இன்னொரு பக்கம். அன்று சொற்பொருளுக்கு நிகண்டுகள்தான் உண்டு. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று எல்லாமே செய்யுளில் இருக்கும். மனப்பாடம் செய்தவருக்கு அது பொக்கிஷம். மனப்பாடம் செய்யாதவர் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியணும் என்றால், அது எந்தச் செய்யுளில் இருக்கிறது என்று தேடியே களைத்துப்போவார்.

அகர வரிசை என்ற யோசனையே அதற்கு முன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1594-ல் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு, முதல் எழுத்தை வைத்துச் சொற்களை அடுக்கியிருந்தது. ஆனால், ‘க’ என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் அந்தக் குவியலுக்குள் எந்த வரிசையிலும் இருக்கலாம். 1679-ல், அதாவது வீரமாமுனிவர் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னாடி, கேரளத்தின் அம்பலக்காட்டில் புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி அச்சாகியிருந்தது. ஆனால், அது வெளிநாட்டவருக்கானது. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள், இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து வரைக்கும் ஒழுங்கான வரிசை என்று வந்தது 1732-ன் சதுரகராதியில்தான்.

சதுர் என்றால் நான்கு. பெயருக்கு ஏற்ற மாதிரி அதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. அந்த நான்கையும் இன்றைய தேடலோடு வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

பெயரகராதி: சொல் தெரியும், பொருள் தெரியணும். ஃபைல் பெயரைச் சரியாக அடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பது போல.

பொருளகராதி: பொருள் தெரியும், அதற்கு என்னென்ன சொல் இருக்கிறது என்று தெரியணும். ஃபைல் பெயர் மறந்துபோய், உள்ளே இருக்கும் விஷயத்தை வைத்துத் தேடுவது போல.

தொகையகராதி: ஐம்பொறி, அறுசுவை மாதிரி எண்ணிக்கையோடு சேர்ந்து வரும் தொகுப்புகள். ஒரு ஃபோல்டரைத் திறந்து அதில் இருக்கும் எல்லாவற்றையும் பார்ப்பது போல.

தொடையகராதி: இங்கேதான் நம் நட்சத்திரக் குறி வருகிறது.

தொடையகராதி: எதுகையில் தேடல்

கவிதை எழுதுகிறவருக்கு எதுகை வேணும். முதல் அடியில் ‘பட்டம்’ என்று ஆரம்பித்துவிட்டார் என்றால், அடுத்த அடிக்கு அதே இரண்டாம் எழுத்தோடு வரும் சொல் தேவை. கட்டம், சட்டம், வட்டம், திட்டம் எதுவும் சரி. முதல் எழுத்து எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால், அது குறிலா நெடிலா என்பது ஒத்துப்போகணும், இரண்டாம் எழுத்து கட்டாயம் ஒன்றாக இருக்கணும்.

முதல் எழுத்து தெரியாது, மிச்சம் தெரியும். இதைத்தான் கம்ப்யூட்டரில் ‘?ட்டம்’ என்று எழுதுவோம். சாதாரண அகராதியில் இப்படித் தேட முடியாது. அது முதல் எழுத்து வரிசையில் இருக்கும். பட்டம் ‘ப’ பகுதியில், வட்டம் ‘வ’ பகுதியில் என்று கடைசிப் பக்கம் வரை சிதறிக் கிடக்கும். அதனால் எதுகை ஒத்த சொற்களைச் சேர்த்து வைக்கத் தனியாக ஒரு பகுதி. எதுகையில் சொற்களை அடுக்குவது சூடாமணி நிகண்டிலும் ஒரு பகுதியாக உண்டு. வீரமாமுனிவர் அதை மற்ற மூன்று தேடல்களோடு ஒரே நூலுக்குள் கொண்டுவந்தார்.

இன்று நட்சத்திரக் குறியை வைத்து அதையே செய்யலாம். ‘*ட்டம்’ என்று தேடினால் பட்டம், சட்டம் மட்டுமல்ல, கூட்டம், ஓட்டம், போராட்டம் வரைக்கும் வந்து குவியும். எதுகை விதிப்படி பார்த்தால், பட்டத்துக்குக் கூட்டம் ஒத்துவராது, அது நெடில். அதாவது, வலை பெரிதானால் குப்பையும் சேர்ந்து வரும். எதுகை விதி தெரிந்த புலவர் அதைக் கையால் தள்ளிவிடுவார். கம்ப்யூட்டர் தள்ளாது, நாம்தான் தள்ளணும்.

தமிழில் தேடும்போது ஒரு பொறி

இங்கே நிறைய பேர் மாட்டிக்கொள்கிற விஷயம் ஒன்று இருக்கு. நமக்கு ‘வி’ என்பது ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு: ‘வ’ தனி, விசிறி தனி. ‘ல்’ கூட இரண்டுதான்: ‘ல’ தனி, புள்ளி தனி. பெரும்பாலான செயலிகளில் ஒரு கேள்விக்குறி இந்தத் துண்டுகளில் ஒன்றை மட்டும்தான் குறிக்கும், முழு எழுத்தை அல்ல.

‘?ட்டம்’ என்று தேடினால் பட்டம் கிடைக்கும், திட்டம் கிடைக்காது. ‘தி’ இரண்டு துண்டு என்பதால் ‘??ட்டம்’ என்று போடணும். அதேபோல் ‘கோவில்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் ஆறு.

இன்னொன்று புள்ளி. ‘கோவில்*’ என்று தேடினால் ‘கோவிலுக்கு’, ‘கோவிலில்’ எதுவும் வராது. ஏனென்றால், அந்தச் சொற்களில் ‘ல்’ புள்ளியை இழந்து ‘லு’, ‘லி’ ஆகிவிட்டது. புள்ளியை எடுத்துவிட்டு ‘கோவில*’ என்று தேடிப் பாருங்கள். கோவில், கோவிலுக்கு, கோவிலில் மூன்றும் வரும். ஓலையில் புள்ளி இல்லாமல் எழுதினது அன்று படிக்கிறவரைத் திணறடித்தது. இன்று தேடும்போது அதே புள்ளியை நாம் வேண்டுமென்றே விடுகிறோம், வேலை முடிகிறது.

சரி, கோவிலா கோயிலா என்று ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில்? ‘கோ??ல*’. நடுவில் இரண்டு கேள்விக்குறி, ஏனென்றால் ‘வி’யும் ‘யி’யும் இரண்டு துண்டு. இரண்டு விதமாகப் பெயர் வைத்த ஃபைலும் வரும். கூடவே கோகிலா, கோபால் பெயரில் இருக்கும் ஃபைல்களும் எட்டிப் பார்க்கும். பரவாயில்லை, ஆயிரம் ஃபைலுக்குப் பதில் நான்கைந்தைப் பார்த்தால் போதும்.

‘க?ட்டான்’ என்று தேடினால் என்ன ஆகும்? கெட்டானும் வரும், கேட்டானும் வரும். வீரமாமுனிவர் பிரித்து வைத்ததை ஒரு நிமிஷத்துக்கு நாம் சேர்த்து வைக்கிறோம். ஆனால், இது தேடும்போது மட்டும்தான், எழுதும்போது இல்லை.

பெயரில் கூடாது, தேடலில் வேணும்

விண்டோஸில் ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது * அல்லது ? போட்டுப் பாருங்கள். அனுமதிக்காது. காரணம் எளிது. அந்தக் குறிகள் தேடுவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. பெயர் என்பது ஒன்றை மட்டும் குறிக்கணும். பெயரிலேயே ‘எதுவானாலும்’ என்ற குறி இருந்தால், கம்ப்யூட்டர் எந்த ஃபைலை எடுப்பது?

வீரமாமுனிவர் செய்த இரண்டு வேலையும் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடுகிறது. எழுதும்போது சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது, அதற்குச் சுழித்த கொம்பு. தேடும்போது தெரியாததற்கு இடம் விடணும், அதற்குத் தொடையகராதி.

ஆபீஸ் வேலைக்கும் இது அப்படியே பொருந்தும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் கடைசி’ என்று பெயர் வைத்தால், எந்த நட்சத்திரக் குறியாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. ‘சம்பளம்_2025_04’ என்று வருஷம், மாதத்தோடு ஒரே மாதிரி வைத்துப் பழகினால், ‘சம்பளம்_2025_*’ என்று ஒரே தேடலில் அந்த வருஷம் முழுக்க வந்துவிடும்.

எக்செல்லில் ‘ஃபைண்ட்’ பெட்டியிலும் இந்த இரண்டு குறிகளும் வேலை செய்யும். உண்மையிலேயே கேள்விக்குறியைத்தான் தேடுகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் ~ குறியைப் போடணும். கூகுளில் மேற்கோள் குறிக்குள் நட்சத்திரத்தைப் போட்டால், அது எழுத்துக்குப் பதிலாக விடுபட்ட சொல்லுக்கு நிற்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தேடுவதற்கு நட்சத்திரக் குறி நல்லது, அழிப்பதற்கு ஆபத்து. கட்டளைத் திரையில் அழிக்கும் கட்டளையோடு வெறும் * போட்டால், அந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லா ஃபைலும் போய்விடும். பெரும்பாலும் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. அதனால் முதலில் அதே குறியை வைத்துத் தேடிப் பாருங்கள். என்னென்ன வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அழிக்கலாம்.

கடைசி நாட்கள்

வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டது அங்கிருந்த லூத்தரன் மிஷன் அச்சகம். சமய விஷயத்தில் அவர் கடுமையாக எதிர்த்து எழுதியது அந்த லூத்தரன் சபையைத்தான். சண்டை ஒருபக்கம் நடந்தாலும், தமிழ் படிக்க வந்தவர்களுக்கு அவர் இலக்கணம் தேவைப்பட்டது.

சதுரகராதிக்கு அந்த வாய்ப்பு அவர் உயிரோடு இருக்கும்போது கிடைக்கவில்லை. கைப்பிரதியாகவே இருந்தது. கடைசிக் காலத்தில் ஏலாக்குறிச்சியை விட்டுத் தெற்கே போனவர், கேரளத்தின் அம்பலக்காட்டில் 1747 பிப்ரவரி 4-ம் தேதி இறந்தார். புரோயென்சாவின் அகராதி அச்சான அதே ஊர். அதற்கு 77 வருஷம் கழித்து, 1824-ல்தான் சதுரகராதி முழுசாகச் சென்னையில் அச்சேறியது.

பிறகு வந்த தமிழ் அகராதிகள் எல்லாம் அந்த அகர வரிசையில்தான் நடந்தன. இப்போது மொபைலில் இருக்கும் கான்டாக்ட் பட்டியலும் அகர வரிசைதான். அதில் யாரோ ஒருவரை ‘கெ’யில் சேமித்தோமா, ‘கே’யில் சேமித்தோமா என்று தேடும்போது, அந்தச் சிறிய சுழியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அது கொள்ளிடக் கரைக்காரரின் கைவண்ணம்.